குவாந்தான் கடலில் வளைந்த தண்டு

மெந்தகாப்பில் எங்கள் ஒட்டுக்கடையில் போன வாரம் ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, ஒரு பெரிய போர்க்கப்பல், கூட ரெண்டு நீர்மூழ்கி இருந்தா எவ்வளவு பெரிய கடற்படையையும் மடக்கிடலாம்." அவ்வளவு சுலபமில்லை தம்பி. நம்ம பகாங் கடலிலேயே 1941 டிசம்பர் 10-ல் அது தெரிந்துவிட்டது.

அன்று விடியுமுன் ஜப்பானின் ஐ-58 நீர்மூழ்கி, பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களைக் கண்டு ஐந்து டார்பிடோக்களை, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து வெடிக்கும் குண்டுகளை, விட்டது. ஐந்தும் குறி தப்பின. சரி, துரத்தலாம் என்றால் டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அதனால் தண்ணீருக்குள் பேட்டரிதான், அதில் மணிக்கு 15 கிலோமீட்டர் போவதே பெரிது, சார்ஜும் மளமளவென்று இறங்கிவிடும். மேலே வந்தால் 37. அந்தக் கப்பல்களோ 50 போகக்கூடியவை. கடைசியில் ஐ-58 உருப்படியாகச் செய்தது, இருப்பிடத்தை ரேடியோவில் சொன்னதுதான்.

காலையில் வியட்நாமின் சைகோன் பக்கமிருந்து ஜப்பானிய விமானங்கள் டார்பிடோக்களோடு கிளம்பின. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பெரிய பீரங்கிகள் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சுடும், ஆனால் எதிரியின் ஓடுதளம் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கூட வரவேண்டிய விமானந்தாங்கி இன்டோமிடபிள் ஜமைக்கா பக்கம் தரைதட்டியிருந்தது. மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பக்கவாட்டில் 35 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த இரும்புக் கவசம். விமானம் போட்ட டார்பிடோ அதைத் தொடவே இல்லை, பின்னால் இடப்பக்கச் சுழலியைச் சுற்றவைக்கும் தண்டருகே வெடித்தது. வளைந்த தண்டு சுழன்று சுற்றியிருந்ததையெல்லாம் கிழித்தது. டிராக்டரில் பின்தண்டு வளைந்து பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: எஞ்சினை உடனே நிறுத்தாவிட்டால் மூடியையே பிய்த்தெறியும், பெரியப்பா பட்டறையில் அப்படிக் கிழிந்த தகரம் ஒன்று இன்னும் கிடக்கிறது. கப்பலிலோ கிழிந்த வழியாகத் தண்ணீர் எஞ்சின் அறை வரை புகுந்தது. ஜெனரேட்டர்கள் அணைந்தன, பம்புகளும் சுக்கானும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் பலவும் செத்துப்போயின. பிற்பகலுக்குள் இரண்டு கப்பல்களும் மூழ்கின, 840 பேர் இறந்தார்கள்.

"இப்போதான் அணுசக்தி நீர்மூழ்கி இருக்கே" என்றான் தம்பி விடாமல். இருக்கிறது, அதற்குப் பேட்டரிக் கவலை கிடையாது. ஆனால் வேகமாக ஓடினால் சத்தம் கூடும், பெரிய கடற்படையோ சுற்றிலும் சோனார் (தண்ணீருக்குள் ஒலியால் தேடும் கருவி) உள்ள கப்பல்களையும், கடலில் சோனாரை இறக்கித் தேடும் ஹெலிகாப்டர்களையும் வைத்திருக்கும். மெதுவாகப் போனால் கடற்படை தாண்டிப் போய்விடும். அதையும் மீறி அடித்தால்கூட, உள்ளே இருக்கும் டார்பிடோ தீர்ந்ததும் துறைமுகத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும்.