வகிடு அகலமாகிறதா? எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்

வகிடு ஒரு விரல் அகலத்துக்கு விரிந்த பிறகுதான் பல பெண்கள் தோல் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் நாலைந்து வருஷம் என்பார்கள். அதுவரை செம்பருத்தி எண்ணெய், கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை என்று ஒரு சுற்று முடிந்திருக்கும். வந்ததும், "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு டாக்டர்." முடி வளர்வதே மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். ரெண்டு மாதத்தில் என்ன செய்வது?

கொட்டுவது வேறு, மெலிவது வேறு. டெங்கு, பிரசவம், பட்டினி டயட் போன்றவை கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கும். பரம்பரையாக மெலிவது சத்தமே இல்லாமல் நடக்கும். முன்நெற்றி ஓரம் அப்படியே இருக்கும், உச்சியில் மட்டும் தோல் தெரியும். இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்டு இப்போது நாலு சுற்று கேட்கிறதென்றால் அதுதான் அடையாளம்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் நல்லது. முடியின் புரத இழப்பைக் குறைக்கும், சிக்கு விழாது, நுனி உடையாது. ஆனால் வெளியே தெரிகிற முடி உயிரில்லாத இழை. முடியை உருவாக்கும் வேர்க்கால் தோலுக்குள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பரம்பரையாக மெலியும்போது சுருங்குவது அதுதான். எந்த இலையைப் போட்டுக் காய்ச்சித் தடவினாலும் அந்தச் சுருக்கம் நிற்காது. பாட்டிக்கு முழங்கால் வரை கூந்தல் இருந்தது அவருடைய வேர்க்காலின் வாகு. பொடுகுத் தலையில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறினால் அரிப்புதான் கூடும். மொட்டை போட்டால் அடர்த்தியாகும் என்பதும் இதே ரகம். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் தடிமனாகத் தோன்றும், ஒரு வேர்க்கால்கூடப் புதிதாக வராது.

முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச். ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று நின்றுவிடாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின், அதையும் காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் பொய்யாக ஏறிக் காட்டும். பயோட்டின் சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு முடிவையே அது தப்பாக்கிவிடும். மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, அடங்காத பரு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்தில் முதல் இடம் மினாக்ஸிடிலுக்கு. 2% கரைசல் என்றால் ஒரு வேளைக்கு 1 மில்லி, காலையும் இரவும். காய்ந்த தலையில், வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி விடுங்கள். முடியில் வழிய விட்டால் பாட்டில் தீரும், அவ்வளவுதான். நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. படுக்கப் போகும் நேரத்தில் தடவினால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே பூனை முடி வளரும். இரண்டு மணி நேரம் முன்பே தடவி, கையைக் கழுவிவிடுங்கள்.

பலர் கைவிடுவது முதல் இரண்டு மாதத்தில்தான், ஏனென்றால் அப்போது கூடுதலாகக் கொட்டும். உதிரக் காத்திருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதுசு கிளம்புகிறது. தயவுசெய்து பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். பலன் தெரிய நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். தொடங்கும் நாளில் வகிட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆறாம் மாதம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடலாம். நிறுத்தினால் கிடைத்தது சில மாதங்களில் போய்விடும் என்பதையும் தெரிந்தே தொடங்குங்கள்.

கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மினாக்ஸிடில் கூடாது. கணவர் முடி உதிர்வுக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையில் பங்கு போடவே போடாதீர்கள். கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

தலையில் எரிச்சல், வழவழப்பாக மின்னும் திட்டு, புருவமும் சேர்ந்து உதிர்வது, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே வாருங்கள். அங்கே வேர்க்கால் தழும்பாக மாறிக்கொண்டிருக்கலாம். தழும்பான இடத்தில் எந்த மருந்து போட்டாலும் முடி முளைக்காது.