சுடாத நீலம்: ஒரு சொல் விளக்கம்

கல்முனையில் ஒரு நகைக்கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, முன்னால் அமர்ந்திருந்த பெண்மணி நீலக்கல் ஒன்றை விரலிடையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நேச்சுரல்தானே?" என்று கேட்டார். "ஓம் அக்கா, நேச்சுரல்தான்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கா கேட்டது அந்தக் கல் நெருப்பைக் காணாததா என்று. தம்பி சொன்னது அது தொழிற்சாலையில் வளர்க்கப்பட்ட கல் அன்று என்று. மண்ணில் விளைந்த கல்லையும் உலையில் வைத்து நிறமேற்றலாம் என்பதால், 'இயற்கை' என்ற ஒரே சொல் இரண்டு கேள்விகளுக்கும் விடையாகிவிடுகிறது.

முதலில் கல்லின் பெயர். 'நீலம்' வடமொழியிலிருந்து வந்த சொல்லாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. தமிழில் அது நிறத்தையும், சாயத்தையும், குவளை மலரையும், நவமணிகளுள் ஒன்றையும் குறிக்கும். இன்னொரு பழைய பெயர் 'மணி'. மயிலின் கழுத்தையும் தொலைவில் தெரியும் மலையையும் சங்கப் புலவர்கள் மணிக்கு ஒப்பிடும்போது அவர்கள் மனத்தில் இருந்தது நீலமணியே. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் அதியமானை வாழ்த்தும் ஔவையார், 'நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக' என்று இரு சொற்களையும் சேர்த்தே பாடுகிறார். ஆகவே 'சபயர்' என்பதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை: நீலம், நீலமணி, நீலக்கல் ஆகிய மூன்றும் நம்மிடம் உள்ளன. சபயர் என்ற சொல்லோ இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. பழைய கிரேக்கர் அதனால் குறித்தது லாபிஸ் லசூலி என்ற ஒளிபுகாத வேறொரு நீலக்கல்லை. சனிக்கு உகந்தது என்னும் பொருள்தரும் 'சனிப்பிரிய' என்ற வடசொல்லே அதன் மூலம் என்பாரும் உளர்.

இலங்கைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் 'நீல மாணிக்கக்கல்' என்ற தொடர் எனக்கு உடன்பாடானதன்று. சிங்களத்தில் 'மெணிக்' என்பது எல்லா இரத்தினங்களுக்கும் பொதுவான பெயர். தமிழில் மாணிக்கம் என்றால் சிவப்புக்கல். ஆயினும் கனிமவியல் இந்தத் தவறைப் பாதி மன்னித்துவிடுகிறது. மாணிக்கமும் நீலமும் அலுமினியம் ஒட்சைட்டாலான ஒரே கனிமம். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தால் நீலம். அக்கனிமத்துக்கு ஆங்கிலத்தார் வைத்த 'கொரண்டம்' என்ற பெயரோ, சாணைக்கல் செய்ய உதவும் நம் 'குருந்தக்கல்'லிலிருந்து போனது.

நிறத்துக்கு வருவோம். வணிகத்தில் உயர்வாகப் பேசப்படும் 'கோர்ன்ஃபிளவர் நீலம்' இங்கே விளையாத பூவொன்றின் பெயரைத் தாங்கியது; நம் மொழியில் காயாம்பூ இருக்கிறது, வேலியில் படரும் கருவிளை இருக்கிறது. இலங்கை நீலம் பொதுவாக இளநிறமும் தெளிவும் உடையது. கறுப்புத் தட்டும் அளவுக்கு அடர்ந்த கல்லைவிட, அளவாக அடர்ந்து உள்ளிருந்து ஒளிரும் கல்லே மேலானது என்பது என் கருத்துமாகும். அந்த ஒளிர்வுக்கு நம் பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் பெயர் 'நீரோட்டம்'. அதைக் கடையின் மின்விளக்கில் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காலை வெளிச்சத்தில், நேர்வெயில் படாத வாசல் நிழலில் பார்க்க வேண்டும். வெள்ளைத்தாளின் மேல் கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, கல்லை அதில் இட்டுப் பக்கவாட்டில் நோக்கினால் இன்னொரு செய்தி தெரியவரும்: மேலிருந்து முழு நீலமாகத் தோன்றிய கல்லின் பெரும்பகுதி நிறமற்றிருக்க, அடிமுனையில் மட்டும் நீலம் ஒரு துளி மையைப்போலத் தேங்கி நிற்கலாம். இது மோசடியன்று. நிறம் பட்டைபட்டையாகவே படியும் இக்கல்லில், அந்தத் துளியை அடியில் அமையுமாறு திருப்பி, அதன் சாயலைக் கல் முழுவதும் பரவவிடுவது தீட்டுபவரின் திறமை.

அத்திறமையைக் குறிக்கும் 'கட்' என்பதை 'வெட்டு' என்று எழுதுவது பிழை. கல்லின் முகங்களை யாரும் வெட்டி எடுப்பதில்லை. சாணையில் தேய்த்தே உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு முகமும் ஒரு பட்டை, செயல் பட்டை தீட்டுதல். எடை குறையக்கூடாது என்று அடிப்பகுதியைப் பானைபோலத் தடிப்பாக விடுவது இலங்கையின் பழைய வழக்கம். கரட் கணக்கில் விலை கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியாத அந்த வயிற்றுக்கும் சேர்த்தே கொடுக்கிறார். மாறாக அடி மிகத் தட்டையானால் ஒளி திரும்பாமல் கீழே கசிந்துவிடும். அச்சிட்ட தாளின் மேல் கல்லை வைக்கும்போது நடுவில் எழுத்துகள் தெரிந்தால் அதுவே அறிகுறி.

இனி, நிறத்தையோ தெளிவையோ செயற்கையாகக் கூட்டாத கல்லைக் குறிக்கும் 'அன்ட்ரீட்டட்' என்ற ஆங்கிலச் சொல். இதனைச் 'சிகிச்சையளிக்கப்படாத' என்று பெயர்த்தால் கல் நோயாளியாகிவிடும்; 'பதப்படுத்தப்படாத' என்றால் மீன் ஞாபகம் வரும். பால்போல் மங்கிய 'கெவுட' என்னும் கற்களை 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இங்கிருந்து வாங்கிச் சென்று, ஏறத்தாழ 1,600 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, நீலமாக்கி விற்றார்கள். மங்கலுக்குக் காரணமான, ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் அவ்வெப்பத்தில் கரைந்து, அவற்றிலிருந்த தைத்தேனியம் கல்லினுள் கலந்து இரும்புடன் சேர்வதே நிறத்தின் மர்மம். ஆகவே நடந்தது சுடுதல். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'சுட்ட கல்லு' என்றால் எவருக்கும் விளங்கும். 'சுடச்சுடரும் பொன்போல்' என்றது குறள். நீலத்திலோ, மற்றவை ஒத்திருந்தால், சுடாத கல்லுக்கே விலை அதிகம். நுண்நோக்கியில் அந்த மெல்லிய ஊசிகள் முறியாமல் பட்டிழைபோல் குறுக்கிட்டுக் கிடந்தால் அது சுடாமைக்கு நல்ல சான்று. வெறுங்கண்ணால் இதைத் தீர்மானிக்க இயலாது. ஆய்வுகூடச் சான்றிதழே வேண்டும்.

'சுடாத நீலம்' என்ற தொடருக்கு ஒரு குறை உண்டு. நுண்வெடிப்புகளை மறைக்க எண்ணெய் ஏற்றுவதற்கு உலை தேவையில்லை. எனவே கல்முனைக் கடையில் அந்த அக்கா பற்றுச்சீட்டில் எழுதிக் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: "நீலம், மண்ணில் விளைந்தது, சுடாதது, எண்ணெய் ஏற்றாதது."