கிரிப்டோகாக்கஸ் புரோஸ்டேடைட்டிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் தொற்றுவதைத்தான் இந்தப் பெயர் குறிக்கிறது. நோயாளியின் ஒரு சொட்டுச் சிறுநீரைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, அதோடு இந்தியன் இங்க் ஒரு துளி கலந்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் வட்ட வட்டமாக மணிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளை வளையம். மை புக முடியாத கூழ் உறைதான் அந்த வளையம். இதுதான் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை. கிரேக்கத்தில் 'கிரிப்டோஸ்' என்றால் மறைந்த, 'கோக்கோஸ்' என்றால் மணி. நெல்மணி என்கிறோமே, அந்த மணி. ஆகவே மறைமணி.

1833இல் ஜெர்மன் தாவரவியலாளர் குட்சிங் இந்தப் பெயரை உருவாக்கியபோது நோய் எதுவும் அவர் மனத்தில் இல்லை. இந்தப் பூஞ்சை மனிதரைத் தாக்குவது 1894இல்தான் தெரிந்தது. ஆனாலும் பெயர் எவ்வளவு பொருந்திவிட்டது! எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு இப்பூஞ்சையால் மூளை உறைக் காய்ச்சல் வரலாம். மருந்தில் அது குணமான பிறகும் சிலருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் பூஞ்சை உயிரோடு பதுங்கியிருப்பதை 1989இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அங்கிருந்து நோய் மறுபடி கிளம்பலாம். சுரப்பியில் கட்டிபோலத் தட்டுப்பட்டு, புற்றுநோயோ என்று பயமுறுத்துவதும் உண்டு.

சரி, 'புரோஸ்டேட்'? 'முன்னே நிற்பவர்' என்பது பொருள். ஏதென்ஸில் குடியேறிய வெளியூர்க்காரருக்காக முன்வந்து நிற்கும் புரவலரையும் 'புரோஸ்டாடெஸ்' என்றே அழைத்தார்கள். சிறுநீர்ப்பையின் வாயில், சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பிக்கு இந்தப் பெயர் மறுமலர்ச்சிக் காலத்தில்தான் வந்தது. பழைய கிரேக்க மருத்துவர்கள் எழுதிய 'பாராஸ்டாடாய்' வேறு சொல். பக்கத்தில் நிற்பவர்கள் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழில் 'முன்னிற்குஞ்சுரப்பி' என்று ஏற்கெனவே வழங்குகிறது. நீளம்தான், ஆனால் கிரேக்கச் சொல்லின் உருவம் அப்படியே இருக்கிறது. மாற்றத் தேவையில்லை.

பூஞ்சையா, காளானா? காளான் என்றதும் குடை விரித்து நிற்பதுதான் கண்ணில் வரும். இதற்குப் பூஞ்சைதான் சரி. 'பூஞ்சை உடம்பு' என்றால் நோஞ்சான் உடம்பு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் இந்நோய் பெரும்பாலும் பிடிக்கிறது என்பதால், அந்த இன்னொரு பொருளும் கூடவே ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது 'ஐட்டிஸ்' என்ற கடைசித் துண்டுதான். கிரேக்கத்தில் அது 'சார்ந்த' என்ற பொருள் தரும் வெறும் விகுதி. பிற்பாடுதான் 'அழற்சி' என்று நிலைத்தது. அழற்சி என்றால் எரிச்சல், வலி, வீக்கம். ஆனால் இங்கே பலருக்கு எந்த உபாதையும் இருப்பதில்லை. வலி இல்லாததாலேயே கவனிக்காமல் விட்டுப்போகிறது. பெயரும் 'அழற்சி' என்று சொல்லிவிட்டால், எனக்குத்தான் வலியே இல்லையே என்று நோயாளி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடக்கூடும். ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டிய நோய் இது.

அதனால் நான் 'முன்னிற்குஞ்சுரப்பி மறைமணித் தொற்று' என்றே எழுதுகிறேன். முதல்முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் 'கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை' என்று சேர்த்துவிடுவேன்.