அத்தையின் மாத்திரையும் கொழுப்புச் செல்லும்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அத்தை ஒரு மாத்திரை போடுவார். லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம். மிளகைவிடச் சற்றுப் பெரிது, மஞ்சள் நிறம். மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, இனி ஐந்து வருஷம் இதுதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஒருநாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்துனூண்டு மாத்திரை உள்ளே போய் என்னதாம்மா பண்ணுது?" என்று கேட்டார். பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் எனக்கே ஒன்று பிடிபட்டது. எடை, நடைப்பயிற்சி, தாய்ப்பால், மது என்று தனித்தனியாக நம் காதில் விழுகிற அறிவுரைகளெல்லாம் பெரும்பாலும் இந்த மாத்திரை கைவைக்கிற இடத்துக்கே போய்ச் சேருகின்றன. அந்த இடம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்.

ஈஸ்ட்ரோஜன் கெட்ட பொருள் இல்லை. எலும்புக்கும் இதயத்துக்கும் வேண்டியதுதான். ஆனால் மார்பகத்தின் பால் குழாய்களில் இருக்கும் செல்களுக்கு அதுவும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்து மாதாமாதம் ஒரு தகவல் அனுப்புகின்றன: குழந்தை வரலாம், தயாராக இரு, பெருகு. செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்க வேண்டும், நகலில் பிழை வரும், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்பே திருத்திக்கொள்ளும், ஒன்றிரண்டு தப்பிவிடும். அப்படித் தப்பியவை பல வருஷம் சேர்ந்தால்தான் புற்று. சீக்கிரம் வயதுக்கு வந்தவர்களுக்கும் மாதவிடாய் தாமதமாக நிற்பவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுவது இதனால்தான்.

சரி, மாதவிடாய் நின்றுவிட்டால் சினைப்பை ஓய்ந்துவிடுகிறதே, ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? கொழுப்பிலிருந்து. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி விடும் ஆண் ஹார்மோன்களைப் பிடித்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. கொழுப்பு கூடக் கூட இந்தத் தயாரிப்பும் கூடும். அத்தையின் மாத்திரை அந்த அரோமடேஸின் வாயைத்தான் அடைக்கிறது. ஐம்பதுக்கு மேல் எடை ஏறுவது ஏன் மார்பகத்தைப் பாதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

நடப்பதும் இங்கேதான் உதவுகிறது, எடை பெரிதாகக் குறையாவிட்டாலும்கூட. தசை வேலை செய்தால் ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் அதிகமாக இருந்தால், ஈஸ்ட்ரோஜனைக் கட்டிப்போட்டு வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரக்கும், அப்போது அவிழ்த்துவிட்ட ஈஸ்ட்ரோஜன் கூடிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில். மொட்டை மாடியில் தினம் இருபத்தைந்து நிமிடம் நடந்தால் கணக்கு முடிந்தது.

தாய்ப்பால் விஷயத்தில் ஆதாரம் ரொம்பவே கெட்டி. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளை 2002-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைந்திருந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்த காலத்தைக் கூட்டி. பால் கொடுக்கும்போது மாதவிடாய் தள்ளிப்போகிறது, செல்கள் பால் சுரக்கும் வேலைக்கு முழுசாக முதிர்ந்துவிடுகின்றன, நிறுத்திய பிறகு பழைய செல்கள் நிறைய உதிர்ந்தும் போகின்றன. ஆனால் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணிடம் போய் "இரண்டு வருஷம் பால் கொடும்மா" என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்கான நேரத்தையும் ஒதுங்க ஓர் இடத்தையும் அவருக்கு யார் தருவது? பால் சுரக்காமல் போனவர்கள் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளவும் வேண்டாம்.

அப்புறம் மது. பெண்கள் குடிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே அது ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது, உடம்பில் நடப்பதை யாரும் சொல்வதில்லை. ஆல்கஹால் உடம்பில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சுப் பொருளாக மாறி டிஎன்ஏவைச் சிதைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் அளவையும் ஏற்றுகிறது. 30 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். தினம் அந்த அளவு குடித்தால் ஆபத்து சுமார் 7 சதவீதம் கூடுகிறது. நூறு பேரில் ஏழு பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆயிரம் பெண்களில் 50 பேருக்கு வரும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், அது 53, 54 ஆகும். ஒயினானாலும் பீரானாலும் இதே கதைதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணு பிள்ளைக்கும் ரெண்டு ரெண்டு வருஷம் பால் கொடுத்தேன். உடம்பும் ஒல்லி. அப்ப நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?" ஒரு தப்பும் இல்லை, அத்தை. மார்பகப் புற்று வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததையும் நாற்பது தாண்டியதையும் தவிர வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடிவதில்லை. நல்ல பழக்கங்களால் வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோய் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் பழத்தோடு சேர்த்துப் பழியையும் கொண்டுபோகிறார்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அத்தை இன்னும் வருத்தப்படுகிறார். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை, வலிக்கவில்லையே என்று, ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ அப்படி ஏதாவது தட்டுப்பட்டால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.