பழைய செயின் எந்த அளவு? மூன்று இடத்தில் அளந்தால் தெரியும்

ஓசூரில் 1980 முதல் டிவிஎஸ் 50 மொபெட் தயாரானது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் மொபெட், பைக், சைக்கிள் செயின்கள் கலந்தே கிடக்கும். அவற்றைப் பிரித்தறிய முதலில் வெளித் தகட்டைத் துருநீக்கிப் பாருங்கள். 420, 428, 520 என்று பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எண் பிட்ச்சைக் குறிக்கும், அதாவது தகடுகளைக் கோக்கும் ஆணிகளான பின்களில் அடுத்தடுத்த இரண்டின் நடுவுக்கு நடு உள்ள தூரம்: 4 என்றால் எட்டில் நான்கு அங்குலம் (12.7 மிமீ), 5 என்றால் எட்டில் ஐந்து (15.875 மிமீ).

எண் அழிந்திருந்தால் மில்லிமீட்டரின் பின்னம்வரை அளக்கும் வெர்னியர் அளவிதான் துணை. ஒரு பின்னின் இடது ஓரத்திலிருந்து பத்துப் பிட்ச் தள்ளி உள்ள பின்னின் இடது ஓரம்வரை அளந்து பத்தால் வகுக்கவும். ஒரே பிட்ச்சை அளந்தால் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

பிட்ச் மட்டும் போதாது. சாதாரண சைக்கிள் செயின், 420, 428 மூன்றுக்குமே 12.7 மிமீதான். உள் தகடுகளுக்கு இடையிலான அகலம்தான் அவற்றைப் பிரிக்கிறது: சைக்கிளுக்குச் சுமார் 3.3, 420-க்கு 6.35, 428-க்கு 7.94 மிமீ. 428-இல் உள் தகடுகளுக்கு நடுவே சுழலும் உருளையும் பெரிது, விட்டம் 8.51 மிமீ, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 7.75. அகலத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம், ஏனென்றால் 520-இன் அகலமும் 6.35தான்.

பத்துப் பிட்ச் 127-க்குப் பதில் 129 மிமீ வந்தால் வேறொரு செயின் அளவு என்று எண்ணவேண்டாம், அது தேய்ந்த செயின். தகடு இழுபடுவதில்லை, பின்னும் அதைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷும் உராய்ந்து தேய்வதால் ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி கூடுகிறது. 129.5-ஐத் தொட்ட பைக் செயின் இரண்டு சதவீதம் நீண்டுவிட்டது, கழித்துவிடலாம்.

பல்சக்கரம் மட்டும் கிடைத்தால் பல்லை எண்ணி, எதிரெதிர்ப் பள்ளங்களின் அடிப்பகுதிகளுக்கு இடையே அளக்கவும். 42 பல் 428 சக்கரத்தில் சுமார் 161.4 மிமீ வரும், 520-இல் 202 மிமீயைத் தாண்டும். பல் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் பள்ளத்துக்கு நேரெதிரே பல் நிற்கும். அருகிலுள்ள பள்ளத்துக்கு அளந்தால் சற்றுக் குறைவாகக் காட்டும். கொக்கிபோல் வளைந்த பல் உள்ளதை அளக்காமலே ஒதுக்குங்கள். அதில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

எல்லாம் பொருந்தினாலும் நடு ஓட்டையும் போல்ட் ஓட்டைகளின் வட்டமும் ஒத்துவராவிட்டால் பல்சக்கரம் பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் உட்காராது. எஞ்சின் பக்கத்து முன் பல்சக்கரமானால் நடு ஓட்டையின் உள்ளே இருக்கும் ஸ்ப்ளைன் என்ற பள்ள வரிகளையும் எண்ணிக்கொள்ளவும்.