டெக்சல் ஆட்டுக்குக் கொழுப்பு ஏன் ஏறவில்லை?

திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் வெள்ளிக்கிழமை காலை போய் நின்று பாருங்கள், கறிக்கடைக்காரர்கள் ஆட்டை எப்படி எடைபோடுகிறார்கள் என்று. தராசு கிடையாது. கடைசி விலா எலும்பைத் தாண்டி, இடுப்புக்கு முன்னால், முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்துவார்கள். எலும்பு முள்ளாகக் குத்தினால் வற்றிய ஆடு, முள் மழுங்கி மேலே சதை திரண்டிருந்தால் நல்ல ஆடு, எலும்பே தட்டுப்படாமல் மெத்தை மாதிரி அமுங்கினால் கொழுப்பு. அப்புறம் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, துண்டுக்குள் கை கோத்து விலை. கால்நடை மருத்துவத்திலும் இதே இடத்தைத் தொட்டுத்தான் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள்.

அந்த விரல்களுக்கு டெக்சல் என்ற செம்மறி புதிராக இருக்கும். முதுகு கையகலத்துக்கு நிறைந்திருக்கும், ஆனால் அமுங்காது. அத்தனையும் சதை.

டெக்சல் என்பது நெதர்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு தீவு. அந்த ஊர்க்காரர்கள் 'டெசல்' என்றுதான் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த நாட்டு ஆட்டோடு லிங்கன், லெஸ்டர் மாதிரியான இங்கிலாந்து ஆடுகளைக் கலந்து உருவாக்கிய இனம். வெள்ளை உடம்பு, கருப்பு மூக்கு, முகத்திலும் காலிலும் கம்பளி இருக்காது. கிடா 100 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். முன்னாலிருந்து பார்த்தால் ஆடு, பின்னாலிருந்து பார்த்தால் வாடிவாசல் காளை.

இது ஏன் இப்படி என்பதுதான் விஷயம். ஆடு, மாடு, மனிதன் எல்லாருடைய உடம்பிலும் மியோஸ்டாட்டின் என்றொரு புரதம் இருக்கிறது. பந்தியில் 'போதும், போதும்' என்று இலையை மறைக்கிற கை உண்டே, தசைக்கு அதுதான் இந்தப் புரதம். தசை ஒரு அளவுக்கு வளர்ந்ததும் நிறுத்தச் சொல்லும். 1997இல் அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா மெக்பெரான், சே ஜின் லீ ஆகியோர் இதற்கான மரபணுவை எலியில் செயலிழக்க வைத்தார்கள். தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்த எலிகள் கிடைத்தன. அதே ஆண்டிலேயே பெல்ஜியன் புளூ மாடு ஏன் உருண்டு திரண்டு நிற்கிறது என்பதும் தெரிந்துவிட்டது, அந்த மாட்டில் இந்த மரபணுவை எழுதியிருக்கும் A, T, G, C என்ற வேதி எழுத்துகளில் 11 காணோம்.

சரி, டெக்சலிலும் அப்படித்தான் இருக்கும் என்று தேடினால், அங்கே மரபணு முழுசாக இருந்தது. புரதம் செய்வதற்கான எழுத்துகளில் ஒரு குறையும் இல்லை. பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகத்தின் மிஷேல் ஜார்ஜஸ் குழுவினர் டெக்சலையும் ரொமனோவ் என்ற ரஷ்ய ஆட்டையும் கலந்து, பேரக்குட்டிகள் வரை தலைமுறை எடுத்து அலசினார்கள். 2006இல் பிடிபட்டது, ஒரே ஒரு எழுத்து. புரதத்துக்கான பகுதியெல்லாம் முடிந்த பிறகு, வால் போல நீளும் பகுதியில், G இருக்க வேண்டிய இடத்தில் A.

அந்த வாலில் மாறினால் என்ன கெட்டுப்போகிறது? மளிகைக் கடைக்குச் சாமான் சீட்டு கொடுத்தனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு 2 கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர், எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் சீட்டின் அடியில் பேனா இழுத்த ஒரு கீறல் 'கொடுத்தாச்சு' என்ற குறி மாதிரி விழுந்துவிட்டது. கடைப் பையன் அதைப் பார்த்ததும் சீட்டைப் பழைய பில்களோடு கம்பியில் குத்திவிடுகிறான். சாமான் வீட்டுக்கு வரவே வராது. செல்லுக்குள் அந்தப் பையன் வேலையைச் செய்பவை மைக்ரோ ஆர்என்ஏ என்கிற குட்டித் துணுக்குகள். மரபணுவிலிருந்து நகலாகி வரும் சீட்டில் தனக்குப் பொருந்துகிற எழுத்துவரிசை எங்காவது இருந்தால் இவை போய் ஒட்டிக்கொள்ளும், அந்தச் சீட்டிலிருந்து புரதம் உருவாவது குறைந்துவிடும். டெக்சலில் அந்த A வந்ததால், தசைச் செல்களில் கொட்டிக்கிடக்கும் இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. மியோஸ்டாட்டின் குறைந்தது, இலையை மறைக்க ஆளில்லை, தின்ற தீனியில் பெரும்பங்கு சதைக்குப் போகிறது, கொழுப்புக்கு மிச்சம்தான். (மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. அவர்கள் பார்த்தது ஆட்டிலில்லை, ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில்.)

டெக்சல் கிடாவை வேறு இனப் பெட்டையோடு சேர்த்தாலும் குட்டிக்கு இந்த A ஒரு பங்கு போய்ச் சேரும். ஐரோப்பாவில் கறிக்குட்டிக்காக இந்தக் கிடாவை அவ்வளவு விரும்புவது அதனால்தான்.

ஆனால் மரபணு மட்டும் கதையில்லை. எந்த ஆட்டிலும் முதலில் எலும்பு வளரும், பிறகு சதை, கடைசியாகத்தான் கொழுப்பு ஏறும். அதனால் எப்போது அறுக்கிறோம் என்பது பாதி விஷயம். சந்தையில் 'பல்லு போடலை', 'ரெண்டு பல்லு' என்று பேசிக்கொள்வது இந்தக் கணக்குத்தான். பல் போடாத இளங்குட்டியில் கொழுப்பு ஏற நேரமே இருந்திருக்காது; காயடித்து வயதேறிய கிடாவில் சுண்டுவிரல் தடிமனுக்கு நிற்கும். செம்மறிக்கென்று சொல்கிற அந்த வாடையும் பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் டெக்சலை வாடிப்பட்டிக்குக் கொண்டுவந்துவிடலாமா? என் கணிப்பில் வேண்டாம். சித்திரை வெயிலில் கம்பளியோடு அது மூச்சிரைத்தே ஓய்ந்துவிடும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய அரசுப் பண்ணையில் மெரினோ என்ற கம்பளி ஆட்டின் கலப்புகள் நிற்கின்றன என்றால் அது அந்தக் குளிருக்கு. வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கருப்பும், தெற்கே வேம்பூர், கீழக்கரிசல் ஆடுகளும் உடம்பில் சிறியவை, கிடாவே 35 கிலோ வாக்கில்தான். ஆனால் கீதாரி பின்னால் பத்துக் கிலோமீட்டர் நடந்து, கருவேலங்காய் பொறுக்கித் தின்று, ராத்திரி யார் வயலிலோ கிடை கிடந்துவிட்டு மறுநாளும் நடக்கும். நடக்கிற ஆட்டில் எங்கே கொழுப்பு தங்கும்? அப்படியே தங்கினாலும் நம் பக்கத்து ஆடுகள் அதைத் தோலுக்கடியில் பரப்புவதை விட வயிற்றுக்குள், கிட்னியைச் சுற்றித்தான் அதிகம் சேர்க்கும். வெட்டும்போது கையாலேயே உருவி எடுத்துவிடலாம்.

போன மாதம் இதையெல்லாம் படித்த வேகத்தில், 'அண்ணே, துளி கொழுப்பு இல்லாம போடுங்க' என்று கேட்டு வாங்கிவந்து சுக்கா போட்டேன். நார் நாராக வறண்டு, சட்டியில் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஞாயிறு கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கறியை நிறுத்துப் பொட்டலம் கட்டும் முன்னால் நெல்லிக்காய் அளவு கொழுப்பு ஒன்றை எடுத்து உள்ளே போட்டார். அதற்குக் காசும் சேர்க்கவில்லை.