மண்ணுக்குள் பாலித்தீன் பத்திரமாக இருக்கிறது

"பிளாஸ்டிக் பை மட்க ஐந்நூறு ஆண்டு ஆகும் என்கிறார்களே, அதை யார் உட்கார்ந்து பார்த்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. பாலித்தீன் தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியதே 1939இல்தான். சில மாதங்களோ ஆண்டுகளோ அளந்த வேகத்தை நேர்கோடாக நீட்டிக்கொண்டே போனால் இப்படிப்பட்ட எண்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

மண்ணில் புதையும் மற்ற பொருட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு துருவாகி உதிரும். கண்ணாடி அப்படியே கிடக்கும். எலும்பு அமில மண்ணில் கரையும், சுண்ணாம்பு மண்ணில் நிலைக்கும். பருத்தியும் காகிதமும் மட்கும், ஆனால் ஈரமும் காற்றும் இருந்தால்தான். அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே அமெரிக்கக் குப்பைமேடுகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகள் புதைந்திருந்த செய்தித்தாள்களை எடுத்து வாசிக்க முடிந்தது.

பாலித்தீன் விஷயம் வேறு. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வாய் கிடையாது. அவற்றின் செல்லுக்குள் நுழையக்கூடியவை சிறு மூலக்கூறுகள் மட்டுமே. அதனால் செரிமானத்தை உடம்புக்கு வெளியே வைத்துக்கொள்கின்றன: நொதிகளை மண்ணில் கசியவிட்டு, நீண்ட சங்கிலியைத் துண்டாக்கி, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. காகிதத்தின் செல்லுலோஸ் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் உண்டு. நொதி அங்கே ஒரு நீர் மூலக்கூறைச் செருகினால் போதும், பாலம் அறுந்துவிடும். பாலித்தீனிலோ ஆயிரக்கணக்கான கார்பன்கள் ஒன்றையொன்று நேராகப் பிடித்திருக்கின்றன, சுற்றிலும் ஹைட்ரஜன். நொதி பிடித்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. போதாததற்கு அது நீரை ஒட்டவிடாத பொருள், நொதியோ நீரில் வேலை செய்வது.

அந்தச் சங்கிலியில் ஆக்சிஜனைச் சேர்த்து உடைக்க வல்லது வெயிலின் புறஊதாக் கதிர். திறந்த வெளியில் கிடக்கும் பை நொறுங்குவது அதனால்தான். மண்ணைப் போட்டு மூடிவிட்டாலோ வெயில் படாது. அழியட்டும் என்று புதைக்கிறோம், பாலித்தீனுக்கு அது பாதுகாப்பாகப் போய்விடுகிறது.

சரி, நொறுங்கியதா, தின்னப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடை போட்டால் ஏமாந்துபோவோம், மண்ணோடு கலந்துவிட்ட துகளும் "காணாமல் போன" கணக்கில் சேர்ந்துவிடும். இதற்கு வேதியியலாளர்கள் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகம் வருகிறது: பிளாஸ்டிக்கின் கார்பனிலேயே அடையாளம் வைத்துவிடுவது. ஸ்வீடனின் ஆன்-கிறிஸ்டின் ஆல்பர்ட்சன் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த பாலித்தீனைச் செய்து மண்ணில் வைத்தார். நுண்ணுயிர் அதைத் தின்றால், மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் அந்தக் கதிரியக்கம் தெரிந்தாக வேண்டும். பத்து ஆண்டுகள் காத்திருந்தும், புறஊதாக் கதிர் படாத பாலித்தீனிலிருந்து வெளிவந்த கார்பன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

2018இல் ஸூரிக் ஆய்வாளர்கள் இதே உத்தியைப் பிபிஏடி என்ற பிளாஸ்டிக்கில் கையாண்டார்கள். வயலில் மண்ணை மூடும் மென்தாள்களில் பயன்படுவது அது. அதன் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு, அதாவது நொதிக்குப் பிடிமானம் உண்டு. இந்த முறை அடையாளம் கதிரியக்கமில்லாத கார்பன்-13. ஆறே வாரத்தில் அதில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளிவந்தது. அதைவிட அழகு, தாளின்மேல் படர்ந்த பூஞ்சை இழைகளின் உடலுக்குள்ளேயே அந்தக் கார்பன் தென்பட்டது! பிளாஸ்டிக் உயிராக மாறியதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா என்றால் உடனே தலைப்புச் செய்தி, பணமும் வரும். மண்ணைப் பத்து ஆண்டு பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுக்கு, மூன்றாண்டு நிதி கொடுப்பவர்களிடம் என்ன கிடைக்கும்? எனக்கு இதில் கோபமே உண்டு. ஏனென்றால் கடையில் "மட்கும்" என்று அச்சிட்டு விற்பதைச் சோதிக்க அந்தப் பொறுமையான ஆய்வுதான் வேண்டும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் சிலவகைப் பைகளை மூன்று ஆண்டு மண்ணில் புதைத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. மட்கும் என்று பெயர் எழுதிய ஒரு பை, தோண்டி எடுத்த பிறகும் கடைச் சாமான்களைக் கிழியாமல் சுமந்தது.